இருபது வயதில் மூடிய கணக்கு

1986-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் தொடங்கியபோது, இந்திய அணியில் இடம்பெற்றிருந்த சென்னை இளைஞர் ஒருவருக்கு இருபது பிராயம் பூர்த்தியாகி இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. அந்த ஆட்டத்தில் காவஸ்கரும் அமர்நாத்தும் நம் ஸ்ரீகாந்தும் சதமடிக்க, இந்தியா நான்கே விக்கெட் இழப்பில் 600 ரன் குவித்தது. சுழலுக்கு இசைந்து கொடுத்த அந்த ஆடுகளத்தில் சிவலால் யாதவும் ரவி சாஸ்திரியும் விக்கெட்டுகளை அள்ளினார்கள். நாம் சொல்லவந்த இளைஞரோ அந்த ஆட்டத்துக்குப் பிறகு டெஸ்ட் கிரிக்கெட் ஆடவே இல்லை. மற்றவர்கள் கல்லூரிப் பரீட்சைக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் வயதில், ஒரு தேசமே கொண்டாடிய பந்துவீச்சாளர் ஒருவரின் டெஸ்ட் கணக்கு வரவு செலவு பார்த்து மூடப்பட்டுவிட்டது.

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் என்ற அந்தப் பெயரை இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய கிரிக்கெட் அபிமானிகளிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் முகத்தில் ஒரு பிரகாசமும், அதை அடுத்து "ஹும், எங்கேயோ போயிருக்க வேண்டிய ஆள்" என்ற அங்கலாய்ப்பும் வரும். மொத்தம் 9 டெஸ்டுகள், 26 விக்கெட்டுகள். 16 ஒருநாள் ஆட்டங்கள், 15 விக்கெட்டுகள். இவ்வளவுதான் புள்ளிவிவரம். இந்தச் சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக ஒரு மனிதரைப் பற்றி ஜனங்கள் பேசுகிறார்கள் என்றால், அவர் செய்து காட்டியதைக் காட்டிலும் செய்யாமல் விட்டதாக நாம் நினைப்பதே அந்தப் பேச்சுக்கு ஆதாரம் என்பது விளங்கும். திறமை வீணாயிற்று என்று சொல்கிறோமே, அதை வீணாக்கியவர் யார் என்ற கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன்னால், அவர் கைக்கொண்ட வித்தை எத்தகையது என்று கிரிக்கெட்டில் அதிகப் பழக்கமில்லாத வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். லெக் ஸ்பின் என்பது மணிக்கட்டின் கலை. சுட்டுவிரலும் நடுவிரலும் தையலின் மேல் பதிந்திருக்க, மடங்கிய மோதிரவிரல் பந்தைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கும். கை தலைக்கு மேல் வந்து இறங்கும் அந்தக் கணத்தில் மணிக்கட்டு அவிழ, மோதிரவிரல் பந்தை முறுக்கி விடும். அப்படி முறுக்கிய பந்து வலக்கை மட்டைக்காரரின் கால்பக்கம் விழுந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அதே கைவீச்சில், மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிப் புறங்கை மட்டைக்காரரைப் பார்க்கும்படி விட்டால், பந்து நேர்மாறாக உள்ளே பாயும். அதற்குத்தான் கூக்ளி என்று பெயர். இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பேதம் தெரியாமல் வீசுவதில்தான் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஆனால் மணிக்கட்டு ஒரு நூலிழை முன்னதாக அவிழ்ந்தால் பந்து ஃபுல்டாஸாகப் போய்ச் சேரும்; ஒரு நூலிழை தாமதித்தால் பாதி ஆடுகளத்திலேயே விழுந்து, அடி என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகையால் இந்த வித்தையைக் கற்பவர் பல வருஷம் அடி வாங்கியாக வேண்டும். அடி வாங்கும் காலத்தில் அவரைப் பொறுத்துக்கொள்ளும் தலைவரும் ஆசிரியரும் அமைய வேண்டும்.

சிவராமகிருஷ்ணன் 1965-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளிகளுக்கிடையிலான ஓர் ஆட்டத்தில் 2 ரன் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார் என்பது சென்னை கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் பிரசித்தமான சங்கதி. 1981-82 பருவத்தில், பதினாறு வயதில், ரஞ்சிக் கோப்பைக் கால் இறுதியில் பலம் பொருந்திய டெல்லி அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக முதன்முறையாகக் களமிறங்கி, இரண்டாவது இன்னிங்ஸில் 28 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தபோது, சந்திரசேகருக்குப் பிறகு மணிக்கட்டால் ஆட்டத்தை மாற்றக்கூடிய ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற நம்பிக்கை பிறந்தது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்ற மூவரும் விடைபெற்றுச் சென்ற வெறுமையில் தேசம் அவசர அவசரமாக வாரிசுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. 1982 டிசம்பரில் மணிந்தர் சிங் பதினேழு வயதில் கராச்சியில் அறிமுகமாகி, இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் வீரர் என்ற பெயரைப் பெற்றார். நான்கே மாதத்தில் அந்தப் பெயர் கைமாறியது.

1983 ஏப்ரல் 28-ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டிகுவாவில், 17 வயதும் 118 நாட்களும் நிரம்பிய சிவராமகிருஷ்ணன் டெஸ்ட் அரங்கில் காலெடுத்து வைத்தார். எதிரே நின்றவர்கள் கிரீனிட்ஜ், ஹேன்ஸ், லாயிட் முதலானோர். அந்த ஓர் இன்னிங்ஸிலேயே அவர்களில் நான்கு பேர் சதமடித்தார்கள். சில முதல்தர ஆட்டங்களை மட்டுமே பார்த்திருந்த பிள்ளைக்கு ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. அக்காலத்து உலகின் மகா பலம் வாய்ந்த மட்டைவரிசைக்கு முன்னால், மீசை அரும்பும் வயதுப் பையன் ஒருவனை, அதுவும் உலகத்திலேயே கஷ்டமான பந்துவீச்சு முறையைக் கைக்கொண்டவனை, கொண்டுபோய் நிறுத்தியது விவேகமா என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வயது குறைவு என்பதையே ஒரு விருதாக அணிவித்து மகிழ்ந்தோம்.

அடுத்த சந்தர்ப்பம் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது. 1984 அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட துக்கத்தின் நடுவே டேவிட் கோவரின் இங்கிலாந்து அணி இந்தியாவில் இருந்தது. பம்பாய் டெஸ்டுக்கு முந்திய தினம் அந்நகரிலிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸும் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்டம் நடக்குமா என்ற ஐயத்தோடு நவம்பர் 28-ஆம் தேதி தொடங்கிய அந்த டெஸ்டில், பதினெட்டு வயது சிவராமகிருஷ்ணன் முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6 விக்கெட்டும் இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6 விக்கெட்டுமாக மொத்தம் 12 விக்கெட் வீழ்த்தினார். மூன்று வருஷமாக ஒரு டெஸ்ட் வெற்றியும் காணாதிருந்த இந்தியா, 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பதினைந்து தினங்களுக்குள் டெல்லியில் மறுபடியும் 99 ரன்னுக்கு 6 விக்கெட். மூன்று இன்னிங்ஸ்களில் பதினெட்டு விக்கெட்டுகள்! வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த ரஸிகர்கள் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு விக்கெட் விழும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். வீழ்ச்சியின் விதை அந்த எதிர்பார்ப்பிலேயே ஊன்றப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஏனெனில், எதிராளியும் பாடம் படித்துக்கொண்டிருந்தான். பம்பாயில் இந்தியா வென்ற அதே ஆட்டத்தில் மைக் காட்டிங் 136 ரன் எடுத்திருந்தார். காலை நன்றாக முன்னே நீட்டிப் பந்தை முளையிலேயே மடக்கும் உபாயத்தை இங்கிலாந்துக்காரர்கள் படிப்படியாகப் பழகிக்கொண்டார்கள். 1985 ஜனவரியில் நம் சேப்பாக்கத்திலேயே அந்தப் படிப்பின் பரீட்சை நடந்தது. ஃபவுலர் 201, காட்டிங் 207, இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 652. சொந்த ஊர் ஜனங்கள் வெயிலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, சொந்த ஊர்ப் பிள்ளையின் பந்து எல்லைக்கோட்டைத் தேடி ஓடியது. தொடர் முழுவதற்கும் அவர் எடுத்தது 23 விக்கெட். அதாவது முதல் மூன்று இன்னிங்ஸ்களில் பதினெட்டும், மிச்சமிருந்த இன்னிங்ஸ்கள் அனைத்திலும் சேர்த்து ஐந்தும். இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்குப் பின் ஆடிய டெஸ்டுகளில் மேலும் மூன்றே மூன்று.

இதற்கிடையே ஒரே ஒரு முறை விளக்கு சுடர்விட்டு எரிந்தது. 1985 பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில், ஒருநாள் ஆட்டத்தில் லெக் ஸ்பின்னருக்கு வேலையில்லை என்று எல்லோரும் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், காவஸ்கர் அவரை நம்பிப் பந்தைக் கொடுத்தார். மார்ச் 10-ஆம் தேதி மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஜாவெத் மியாண்டாட் 48 ரன்னுடன் வேரூன்றி நின்றிருந்தார். உயரே மிதந்து வந்த பந்தை அடிக்க அவர் இறங்கி வந்தார். பந்து மட்டைக்கு அகப்படாமல் திரும்பிச் சென்றது. பின்னால் நின்ற சதானந்த் விஸ்வநாத் கண்ணிமைக்கும் நேரத்தில் குச்சிகளைத் தட்டிவிட்டார். மியாண்டாட் போன்ற சூதுவாது அறிந்த மட்டைக்காரர் பத்தொன்பது வயதுப் பையனிடம் ஏமாந்து நின்ற அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 35 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். இந்தியா கோப்பையை வென்றது. அந்த இருவரில் விஸ்வநாத்தும் பிறகு மூன்றே டெஸ்டுகளோடு மறைந்துபோனார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு நேர்ந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பந்தின் நீளமும் திசையும் கட்டுக்கடங்காமல் போயின, நம்பிக்கை குலைந்தது, 1987 உலகக் கோப்பைக்கு ஒருமுறை திரும்ப அழைக்கப்பட்டதோடு சர்வதேச ஆட்டம் முற்றுப்பெற்றது. 1988 ஜனவரியில், அதே சேப்பாக்கம் மைதானத்தில், நரேந்திர ஹிர்வானி என்ற வேறொரு லெக் ஸ்பின்னர் தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்து உலகையே வியக்க வைத்தார். அப்போது நம் சென்னைக்காரருக்கு வயது இருபத்திரண்டு. ஹிர்வானியும் மொத்தம் 17 டெஸ்டுகளோடு நின்றுவிட்டார். மணிந்தர் சிங் 35 டெஸ்டுகளில் 88 விக்கெட் எடுத்து, அவரும் தம் சக்திக்கேற்ற சிகரத்தை எட்டாமலே ஒதுங்கினார். ஒருவர் தவறினால் அவருடைய குணதோஷம் என்று சொல்லலாம். ஒரே தசாப்தத்தில் மூன்று இளம் சுழற்பந்துக்காரர்கள் ஒரே விதமாகத் தவறினார்கள் என்றால், அவர்களை வளர்த்த முறையில் ஏதோ கோளாறு என்றுதானே அனுமானிக்க வேண்டும்?

தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவமும் அன்று. வி. வி. குமார் 1961-ஆம் வருஷம் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட் வீழ்த்தினார். அடுத்து ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள், அதில் விக்கெட் விழவில்லை, அத்தோடு சரி. முதல்தர ஆட்டங்களில் அறுநூறுக்கு ஒன்று குறைவாக விக்கெட் எடுத்த அந்த லெக் ஸ்பின்னருக்குத் தேசத்துக்காக ஆடக் கிடைத்தவை இரண்டே டெஸ்டுகள். குமாருக்குச் சந்தர்ப்பம் போதவில்லை. சிவராமகிருஷ்ணனுக்குச் சந்தர்ப்பம் முந்திக்கொண்டது. இரண்டும் காலமறியாத குற்றமே.

அமெரிக்கர்களின் தேசிய ஆட்டமான பேஸ்பாலில் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். பெரிய கிளப் ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகச் சிறிய அணிகள் உண்டு. பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தப் படிகளில் ஏறித்தான் வரவேண்டும், மேலே வந்து தடுமாறினால் வெட்கமில்லாமல் ஒரு படி இறங்கி மறுபடி ஏறலாம். 1951-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் மிக்கி மேண்டல் என்ற பத்தொன்பது வயது வெளிக்களக்காரர், அந்தக் காலத்தின் அதிசயப் பிள்ளை என்று கொண்டாடப்பட்டு வந்து சேர்ந்தார். சில மாதங்களில் அடி சறுக்கியதும் அவரைக் கான்ஸாஸ் நகரத்துக் கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே கை நேரானதும் அதே பருவத்திலேயே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவ்வருஷத்து உலகத் தொடரில், மைதானத்து வடிகால் மூடியில் கால் சிக்கி முழங்கால் பிசகியது. அந்த முழங்கால் அவரை ஆயுள் முழுவதும் வதைத்தது. அப்படியிருந்தும் 536 ஹோம் ரன் அடித்தார். அவரையே, கால் நன்றாக இருந்திருந்தால் என்னவாகியிருப்பாரோ என்று அமெரிக்கர்கள் அங்கலாய்க்கிறார்கள் என்றால், நிறைவேறாத திறமை என்பதற்கு எந்த அளவுகோல் வைப்பது என்று நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

கிரிக்கெட்டிலும் திருஷ்டாந்தம் இல்லாமல் இல்லை. சிவராமகிருஷ்ணன் கடைசி டெஸ்ட் ஆடிய அதே சிட்னியில், ஆறு வருஷம் கழித்து, 1992 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்காக ஒரு லெக் ஸ்பின்னர் அறிமுகமானார். சாஸ்திரி இரட்டைச் சதமடித்தார், டெண்டுல்கர் சதமடித்தார். அந்தப் புதியவருக்கு 150 ரன்னுக்கு ஒரே விக்கெட். அவரைத் தூக்கி எறிந்துவிடாமல் டெர்ரி ஜென்னர் என்ற ஆசானிடம் ஒப்படைத்துச் செப்பனிட்டார்கள். அந்த ஷேன் வார்ன் 708 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். நம் கும்ப்ளே 1990-இல் பத்தொன்பது வயதில் ஒரு டெஸ்ட் ஆடிய பிறகு இரண்டு வருஷம் ஒதுக்கிவைக்கப்பட்டார். அந்த இடைவெளியில் உள்நாட்டு ஆட்டங்களில் தேறி, 1992-இல் திரும்பி வந்தவர் 619 விக்கெட் வரை போய்த்தான் நின்றார். சிவராமகிருஷ்ணனுக்கு அத்தகைய அனுகூலம் வாய்க்கவில்லை. அணியோடு நிரந்தரமாகப் பயணம் செய்யும் பந்துவீச்சு ஆசிரியர் என்ற ஏற்பாடே அந்நாளில் கிடையாது. கைவீச்சில் எங்கே பிசகு என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொல்லும் வசதியும் கிடையாது. பத்தொன்பது வயதுப் பையன், வெளிநாட்டு ஓட்டல் அறையில், தன் மணிக்கட்டுக்கு என்ன ஆயிற்று என்று தானே யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதோடு வேறொரு பாரமும் இருந்திருக்கிறது. தம் நிறத்தின் காரணமாக ஆயுள் முழுவதும், அதுவும் சொந்த நாட்டிலேயே, பேதமாக நடத்தப்பட்டதாக 2021-இல் அவர் பகிரங்கமாகவே சொன்னார். களத்தில் அவர் சோர்ந்ததற்கு ஆயிரம் காரணங்கள் கற்பித்துப் பேசிய நாம், இந்தக் காரணத்தைக் கேட்க முப்பத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டோம்.

எனினும் அவரை ஒரு சோக நாயகனாக மட்டும் வரைவது நியாயமாகாது. 1987-88-இல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். பந்து கைகொடுக்காத நாட்களில் மட்டையைப் பிடித்து முதல்தர ஆட்டங்களில் சதமும் அடித்தார். 2000-ஆம் வருஷத்திலிருந்து வர்ணனையாளராக இரண்டாவது ஜீவிதம் ஒன்றை அமைத்துக்கொண்டார். அவர் காலத்து லட்சக்கணக்கான பையன்கள் கனவிலும் காணாத பன்னிரண்டு விக்கெட் டெஸ்ட் ஒன்று அவருக்கு நிஜமாகவே வாய்த்தது.

இனி, நம் வாசலுக்கு வருவோம். குன்றத்தூர் முருகன் கோயில் மலைக்குக் கீழே, பல்லாவரம் சாலையிலும் மாங்காடு சாலையிலும் மனைப் பிரிவுகளுக்கிடையே இன்னும் வீடு எழும்பாத காலியிடங்களில், ஞாயிற்றுக்கிழமை காலை டென்னிஸ் பந்தோடு பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடாத வாரம் இல்லை. ஒருநாள் அப்படியொரு கூட்டத்தில், கொஞ்சம் ஆட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர், மணிக்கட்டைத் திருப்பி வீசிக்கொண்டிருந்த பையனிடம், "டேய் தம்பி, வேகமா போடாதே, நல்லா தூக்கிப் போடு, அடிச்சா அடிக்கட்டும்" என்றார். பையன் திரும்பிப் பார்க்காமலே, "அடிச்சா அடுத்த ஓவர் குடுக்க மாட்டாங்க அண்ணா" என்றான். தேர்வுக் குழுக்களின் சரித்திரம் முழுவதையும் அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

இந்தக் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய பெரிய புராணத்தில் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கிய சம்பந்தரும் இருக்கிறார். வேற்றுச் சமயத்தில் வெகுகாலம் கழித்து, சூலை நோயில் துடித்து, பிறகு திரும்பிவந்து பாடிய திருநாவுக்கரசரும் இருக்கிறார். பிந்தி வந்தவரை முந்தி வந்த பிள்ளைதான் 'அப்பர்' என்று அழைத்து வணங்குகிறது. இரு வகைப் பக்குவத்துக்கும் சேக்கிழார் சரியாசனம் கொடுத்தார்; நாமோ சம்பந்தர்களை மட்டுமே தேடி அலைகிறோம். எட்டு வயதுப் பிள்ளையைப் பயிற்சி மையத்தில் சேர்த்து, பத்து வயதில் மாவட்ட அணி எப்போது என்று கேட்கிற தகப்பனார்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பிந்தி வந்தவர்களுக்கு அத்தாட்சி வேண்டுமானால் அதிக தூரம் போகவேண்டியதில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்த வருண் சக்கரவர்த்தி, பதினேழு வயதில் கிரிக்கெட்டை விட்டு விலகியவர். படித்து, உத்தியோகம் பார்த்து, வேகப்பந்து வீசி முழங்காலைப் புண்படுத்திக்கொண்டு, அதற்குப் பிறகே சுழற்பந்துக்கு வந்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற படிக்கட்டு இருந்ததால் 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தார். 2021 இருபது ஓவர் உலகக் கோப்பைக்குப் பின் இந்திய அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டு, மூன்று வருஷம் உள்ளூரிலும் ஐ.பி.எல்.லிலும் தம் பந்துகளைத் திருத்திக்கொண்டு திரும்பினார். முப்பத்து மூன்று வயதில் ஒருநாள் அணியில் அறிமுகமாகி, அடுத்த மாதமே, 2025 மார்ச் 2-ஆம் தேதி துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். சிவராமகிருஷ்ணனைவிட அவர் அதிக மேதாவி என்று யாரும் சொல்லமாட்டார்கள். விழுந்த பிறகு எழுந்து நிற்கச் சக்கரவர்த்திக்கு ஓர் இடமும் போதிய காலமும் கிடைத்தன. சிவராமகிருஷ்ணனுக்கு அவை கிடைக்கவில்லை.

ஆகவே, திறமை வீணாயிற்று என்ற தீர்ப்பை எழுதும்போது பிரதிவாதிகளின் பட்டியலில் ஆட்டக்காரர் பெயரோடு தேர்வுக் குழுவையும் கிரிக்கெட் வாரியத்தையும், வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஓவருக்கு ஒரு விக்கெட் கேட்ட நம்மையும் சேர்த்தே எழுத வேண்டும். அடுத்த முறை நம் தெருப் பிள்ளை ஒருவன் லெக் ஸ்பின் போட்டு இரண்டு சிக்ஸர் வாங்கினால், அவனிடமிருந்து பந்தைப் பிடுங்காமல் அடுத்த ஓவரையும் அவனுக்கே கொடுக்கலாம். அதனால் நமக்கு நஷ்டமாகக் கூடியது பத்து ரன்தான்.